அரைச் சாண்

எங்கள் கல்லூரி பேலன்ஸ் பீமின், அதாவது ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் ஏறி ஆடும் ஒடுங்கிய மரத்தின், நீளம் பதினாறு அடி. இருக்க வேண்டிய நீளம் ஐந்து மீட்டர். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் தேனிப் பக்கம் நிறையப் பேர் உண்டு. மரம் அறுக்கும் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் பன்னிரண்டு சென்டிமீட்டர் உதைக்கும். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். அந்தக் கணக்கைப் போட எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் சர்க்கஸா என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டாள். எங்கள் வீடு லோயர் கேம்ப்பில். அம்மா காலையில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். "ஏன்த்தா, தலகீழா நிக்கிறதுக்கு எதுக்குக் காலேசு? அத இங்கனயே நிக்கலாம்ல?" என்றாள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் கோபுரத்தில் உச்சியில் நின்றது எப்போதும் நான்தான். குள்ளமாக, எடையில்லாமல் இருந்ததைத் தவிர அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. கல்லூரியில் சேர வரிசையில் நின்றபோது உடற்கல்வி மேடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பியில தொங்குவியா?" என்று கேட்டார். தொங்குவேன் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

டீமில் ஆறு பேர் இருந்தோம். என் கூட அதே வருடம் சேர்ந்தவள் ஒருத்திதான். ராயப்பன்பட்டிக்காரி. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீடு. மாதாகோயிலில் பாட்டுக் குழுவில் பாடுவாள். மற்றபடி வாயைத் திறக்க மாட்டாள். எனக்கு நேர் எதிர். என் வாய் சும்மா இருக்காது. யாரையாவது ஏதாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. போட்டியில் இருவருக்கும் பலமும் ஒன்று, பலவீனமும் ஒன்று. கம்பியில் சுமார், தரையில் நன்றாகச் செய்வோம், பீமில்தான் எங்கள் தலையெழுத்து தீர்மானமாகும்.

பீமை நாங்கள் சேர்ந்த வருடம்தான் செய்தார்கள். கம்பிகளும் மெத்தைகளும் வேறெங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தவை. பீம் மட்டும் கிடைக்கவில்லை. மேடம் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தேனியில் ஒவ்வொரு இடமாக அலைந்து செய்து வாங்கினார். மரம், அறுப்புக் கடையில். கால்கள் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறையில். மேலே பஞ்சும் ரெக்ஸினும் அல்லிநகரத்தில் ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கும் கடையில். வந்து இறங்கிய அன்று மேடம் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். "ஒரு ஆட்டம் இருக்கா பாரு!" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். உண்மையிலேயே ஆட்டம் இல்லை. யானை நின்றாலும் தாங்கும். தகர ஷெட்டின் நடுவில் அதைப் போட்டோம். மூன்று வருடம் என் நாட்கள் அதன் மேல்தான் போயின.

பீமில் கடைசி வரிசை என்று ஒன்று உண்டு. அதுவரை முன்னும் பின்னும் போய் என்னென்னவோ செய்துவிட்டு, ஒரு முனையில் திரும்பி நிற்போம். குதிகால் விளிம்பில் இருக்கும். அங்கிருந்து ஒரே ஓட்டமாக மறு முனைக்கு: ஒரு தாவல், மூன்று எட்டு, கையை ஊன்றி ஒரு சுழற்சி, கால்கள் மறு முனையின் விளிம்பில் வந்து விழ வேண்டும், விழுந்த வேகத்திலேயே பின்னால் கரணம் அடித்து மெத்தையில் இறங்க வேண்டும். எட்டு சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். ஷெட்டில் நான் அப்படித்தான் செய்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு முறை கால் சொன்ன இடத்தில் விழும்.

மதுரையில் நடக்கும் பல்கலைக்கழகப் போட்டியில் விழாது. முதல் வருடம் மூன்றாவது எட்டு வைத்ததும் முனை தள்ளிப் போயிருந்தது. நின்றேன். அரை எட்டு சேர்த்து வைத்தேன். பிறகு சுழன்றேன். வேகம் செத்துப் போயிருந்ததால் கரணம் பாதியில் சரிந்தது. இரண்டாம் வருடமும் அதே இடம், அதே நிற்றல், அதே அரை எட்டு. பல்கலைக்கழக அணிக்கு ஆறு பேரை எடுப்பார்கள். அந்த ஆறு பேர் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். முதல் வருடம் நான் ஒன்பதாவது, இரண்டாம் வருடம் ஏழாவது. அவள் இரண்டு வருடமும் எனக்கு அடுத்து.

மேடத்துக்குக் காரணம் தெரிந்திருந்தது. "கடைசில யோசிக்கிற. பயம். வேற ஒண்ணுமில்ல" என்றார். ஷெட்டில் வருவது அங்கே வரவில்லை என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? நானும் ஒப்புக்கொண்டேன். பயத்தைப் போக்க என்னென்னவோ செய்தேன். மூச்சை எண்ணினேன். பீமில் நிற்கும்போது டீமில் உள்ளவர்களை என் காதருகில் கத்தச் சொன்னேன். சுருளி அருவிக்குப் போய் தண்ணீரில் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். ஒருவருக்குத் தான் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிட்டால் பஸ்ஸில் சில்லறை கேட்பதிலிருந்து எல்லாவற்றிலும் அது தெரியத் தொடங்கும். எனக்குத் தெரிந்தது. மற்றவர்களைக் கிண்டல் செய்வதை மட்டும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாம் வருடம் ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது பீமின் ரெக்ஸின் நடுவில் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அல்லிநகரத்து சீட் கடைக்காரரை மேடம் வரச் சொல்லியிருந்தார். நான் ஹாஸ்டலுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டதால், சாவியை வாங்கி ஷெட்டைத் திறந்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் நீளமான இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டி, மறு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்.

"பதினாறடி. முந்தி தச்ச அதே அளவுதான்த்தா."

"அஞ்சு மீட்டர்னு சொல்லுங்கண்ணே" என்றேன், சும்மா ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக.

"ரெண்டும் ஒண்ணுதான? இத அறுக்கும்போது நானும் கூட இருந்தேன். ஒங்க மேடம் தாள்ல மீட்டர்லதான் எழுதிக் கொண்டாந்தாக. கடக்காரரு பாத்துட்டு, 'மீட்டரெல்லாம் துணிக்கடையில, மரத்துக்கு அடிதாம்மா, பதினாறுன்னு போட்டுக்கங்க'ன்னாரு. மேடமும் சரின்னாக."

பதினாறை முப்பது புள்ளி நாலு எட்டால் பெருக்க எனக்குத் தாள் தேவையில்லை. நானூற்று எண்பத்தேழு சொச்சம் வந்தது. டேப்பைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். மறுபக்கம் சென்டிமீட்டர் கோடு இருந்தது. நானூற்று எண்பத்தெட்டு. இன்னொரு முறை அளந்தோம். அவருக்கு எதற்கென்று புரியவில்லை, ஆனால் பொறுமையாகப் பிடித்தார். அகலம் சரியாக இருந்தது, ஏனென்றால் நாலு இஞ்ச் மரம் எந்தக் கடையிலும் உண்டு. உயரம் சரியாக இருந்தது, ஏனென்றால் இரும்பை எந்த அளவுக்கும் வெட்டலாம். நீளம் மட்டும் அரைச் சாண் குறைவு. அந்த அரைச் சாணைத்தான் மதுரையில் இரண்டு வருடமாக நான் பயம் என்று நினைத்து எட்டு வைத்துத் தாண்டியிருக்கிறேன்.

எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. சீட் கடைக்காரர் குனிந்து பழைய ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் மெத்தையில் போய் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். நான் பயந்தவள் இல்லை. அவ்வளவுதான். அன்று மத்தியானம் ஹாஸ்டலில் மூன்று தட்டு சோறு தின்றேன்.

செய்ய வேண்டியதும் உடனே தெரிந்துவிட்டது. இங்கே பீமை நீட்ட வேண்டியதில்லை. மதுரைப் பீமில், கடைசி வரிசை தொடங்கும் முனையில், விளிம்பிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ளே பவுடரால் ஒரு கோடு போட வேண்டும். கையில் பூசிக்கொள்ளும் அந்த வெள்ளைப் பவுடரால் பீமில் சின்ன அடையாளம் வைத்துக்கொள்வது விதிப்படி தப்பில்லை. குதிகாலை விளிம்பில் வைக்காமல் கோட்டில் வைத்தால், அதற்கப்புறம் எல்லாம் எங்கள் ஷெட்டேதான். மூன்றாவது எட்டுக்குப் பின் முனை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. இதை நான் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறந்துபோனேன் என்றோ சந்தர்ப்பம் அமையவில்லை என்றோ சொல்லிவிட மனம் வருகிறது. யோசித்துத்தான் சொல்லவில்லை. முந்தைய வருட ஆறு பேரில் ஒருத்தி படிப்பை முடித்துப் போய்விட்டாள். ஒரு இடம் காலி. அதற்குப் போட்டி போடக்கூடியவர்கள் ஏழாவதாக வந்த நானும் எட்டாவதாக வந்த அவளும். இரண்டு பேருக்கும் இது கடைசி வருடம். பல்கலைக்கழகத்துக்கு ஆடியவள் என்ற சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகலாம். இல்லை என்றால் மூன்று வருடம் தலைகீழாக நின்றதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இருக்காது. மேடத்திடம் சொன்னால் அவர் டீமுக்கே சொல்வார். சொன்னால் அவளுக்கும் கோடு. கோடு இருவருக்கும் இருந்தால் நான் ஜெயிப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கு இவ்வளவுதான், கஷ்டமான கணக்கு இல்லை.

ஆனி, ஆடி இரண்டும் எங்கள் பக்கத்தில் காற்றுக் காலம். தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், பேசுவது காதில் விழாது. பவுடரைக் கையில் எடுத்தால் பாதி காற்றோடு போய்விடும். அந்தச் சத்தத்தில் நாங்கள் இருவரும் காலையிலும் சாயங்காலமும் பயிற்சி செய்தோம். நான் கரணம் அடிக்கும்போது அவள் பீமின் முனையில் கையை நீட்டி நிற்பாள், தவறினால் என் முதுகைத் தாங்க. அவள் அடிக்கும்போது நான் நிற்பேன். அவள் கை மெத்தென்று இருக்கும், ஆனால் சரியான நேரத்தில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் அந்தக் கையை நம்பித்தான் நான் காற்றில் தலைகீழாகத் திரும்பினேன்.

கடைசி வரிசையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று எட்டு வைக்க வேண்டிய இடத்தில் காலைக் கொஞ்சம் குறுக்கி நாலு எட்டாக வைப்பாள். நாலாவது எட்டில் இடுப்பை லேசாகச் சாய்த்து, கையை ஒரு பக்கம் வீசி, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி ஒன்று செய்துவிட்டுத்தான் சுழல்வாள். இரண்டாம் வருடம் நடுவிலிருந்து இப்படி. மேடத்துக்கு அது பிடிக்கவே இல்லை. "இருக்குற எடத்துல எதுக்கு இந்த எக்ஸ்ட்ரா?" என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்வாள். கோயில் பாட்டுக்காரிக்கு எங்கே போனாலும் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். டீம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எனக்குப் பயிற்சி செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. எங்கள் பீமில் என் எட்டு ஏற்கனவே சரி. கோடு போட வேண்டியது அங்கே, இங்கே இல்லை. ஆகவே நான் செய்ததெல்லாம் முன்பு செய்ததையே திரும்பச் செய்ததுதான். ராத்திரி படுக்கும்போது மனதில் ஒரு கோடு போட்டு அதில் குதிகாலை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சரியாக இறங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து வந்து அவள் அம்மா ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியும் வைத்தார்கள். எனக்கு நெஞ்சுக்கறியாகப் பார்த்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் டீமுக்கு வரணும்னு ஒண்ணாத்தான் செபிச்சேன்" என்றார்கள். ஒரு இடம்தான் இருக்கிறது என்று அவள் அம்மாவுக்கு அவள் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு வாய் வரை வந்தது. அவளைத் தனியே கூப்பிட்டு, பீம் நீளம் குறைவுடி என்று சொன்னால் முடிந்தது. இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் திரும்பும் வரை நின்றாள்.

போட்டி செப்டம்பரில். என் பையில் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் இருந்தது. மதுரை அரங்கில் பீமைத் தொட்டுப் பழகிக்கொள்ள ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். போட்டிக்கு என் முறை வருவதற்குச் சற்று முன், சரி பார்ப்பது போல முனையில் குனிந்து, ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டில் பவுடர் தொட்ட விரலால் ஒரு கோடு இழுத்தேன். பூனை மீசை அளவுக்குத்தான் இருக்கும். எனக்கு அடுத்த முறை அவளுடையது. அவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையில் பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் முக்கால் பங்கும் சரியாகப் போனது. தாவல்கள் சரி. ஒற்றைக் காலில் திரும்புவது சரி. எனக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்கு நிதானமாக இருந்தேன். கடைசி வரிசைக்குத் திரும்பினேன். கோடு இருந்தது. குதிகாலைக் கோட்டில் வைத்தேன். தாவினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

முனை சரியான இடத்தில் இருந்தது. கண் பார்த்தது, எனக்குத் தெரிந்தது. கால் நின்றது. இரண்டு வருடமாக இந்த ஊரில், இந்த வெளிச்சத்தில், மூன்றாவது எட்டுக்குப் பிறகு நின்று பழகிய கால். நின்ற கால் வழக்கப்படி அரை எட்டு முன்னால் வைத்தது. அதன்பின் நான் சுழன்றேன். வேறு என்ன செய்ய முடியும்? கையை எடுத்துக் கால் இறங்கிய இடத்தில் ஒரு காலுக்குத்தான் பீம் இருந்தது. மறு கால் வெறும் காற்றில் போனது. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். அரங்கில் யாரோ 'உச்' கொட்டியது கேட்டது. எழுந்து, கையை உயர்த்தி நடுவர்களுக்கு வணக்கம் வைத்தேன். விழுந்தாலும் அதைச் செய்ய வேண்டும்.

பிறகு பீமின் மறு முனைக்கு நடந்து போனேன். டிராக் சூட் மேல்சட்டையை எடுத்துக்கொள்ளப் போகிறவள் போலப் போய், அதன் கையால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். இந்தக் கதை முழுவதிலும் நான் சொல்ல விரும்பாத இடம் இது. ஜெயித்துவிட்டுத் துடைத்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கும். நான் விழுந்தாகிவிட்டது, என் இடம் போய்விட்டது. துடைத்ததற்கு ஒரே அர்த்தம்தான்: எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாது. அந்த நிமிடத்தில் அதை நான் தெளிவாகவே நினைத்தேன். அவள் என்னைக் கடந்து பீமுக்குப் போகும்போது என் தோளைத் தட்டினாள்.

அவள் ஆடியதை முழுவதும் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினாள், விழவில்லை. கடைசி வரிசைக்குத் திரும்பியபோது குதிகாலை விளிம்பிலேயே வைத்தாள். கோடு அவளுக்குத் தேவைப்படவில்லை. தாவல். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த முறை காலைக் குறுக்கவில்லை. நாலாவது எட்டு, இடுப்பு சாய்ந்து, கை வீசி, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. சுழன்றாள். இரண்டு காலும் விளிம்பில் வந்து உட்கார்ந்தன. கரணம் அடித்து இறங்கி நின்றாள், அசையவில்லை. அந்த நாலாவது எட்டு அங்கே தடுமாறி வைத்த எட்டாகத் தெரியவில்லை. ஆட்டத்திலேயே இருப்பதாகத் தெரிந்தது. நடுவர்கள் அதற்கு மதிப்பெண் எதுவும் குறைக்கவில்லை.

அவள் ஆறாவதாக வந்தாள். நான் பத்தாவது.

திரும்பும் பஸ்ஸில் மேடம் முன் சீட்டில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் போட்டு நம்ம பிள்ளை டீமில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பின்னால். அவள் மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். உசிலம்பட்டி தாண்டியதும் நான் சொன்னேன். பதினாறு அடி, அறுப்புக் கடை, பன்னிரண்டு சென்டிமீட்டர், ஜூன் மாதம், கோடு, துடைத்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னதாக நினைக்க வேண்டாம். தாங்க முடியவில்லை, அதனால் சொன்னேன். அவள் கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீளம் கம்மின்னு ஒனக்கு ஜூன்லதான் தெரியுமா?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மொத வருசம் இதே ரூட்டுல, இதே மாதிரி பஸ்ஸுலதான்டி சொன்னேன். அங்கன பீமு நம்மளுதவிட நீளமா இருக்கு, ஒரு எட்டு மிச்சம் நிக்குதுன்னு. ஒங்கிட்டதான் சொன்னேன். நீ என்ன சொன்ன?"

எனக்கு நினைவில்லை. உண்மையிலேயே நினைவில்லை.

"'பயந்தவளுக்கு எல்லாம் நீளமாத்தான்டி தெரியும்'னு சொன்ன. சத்தமா. பஸ்ஸே சிரிச்சுச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நேற்று என்ன குழம்பு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அதன் பிறகு அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லையாம். மிச்சம் நிற்கும் எட்டை என்ன செய்வது என்று தானே யோசித்து, அதற்கு ஒரு சாய்வும் ஒரு கைவீச்சும் கண்டுபிடித்து, எங்கள் குட்டைப் பீமில் காலைக் குறுக்கிக் குறுக்கி முக்கால் வருடம் பழகியிருக்கிறாள். மேடத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு. என் கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டு.

"மேடம்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"நீயே நம்பல. அவுக நம்புவாகளா?"

கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவளை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பது போல இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும் வரை இருவரும் கடலை உரித்துத் தின்றோம். அதற்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டில் மேடத்திடம் சொன்னேன். அவள் அகில இந்தியப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியிருந்தாள், பீமின் மேலே நின்றுகொண்டிருந்தாள். மேடம் நம்பாமல் என் ஸ்கேலையே வாங்கி, பதினைந்து பதினைந்தாக நகர்த்தி, பீம் முழுவதும் குனிந்தபடி அளந்தார். அவள் காலைத் தூக்கித் தூக்கி வழிவிட்டாள். மறு முனைக்கு வந்து சேர்ந்தபோது மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. அந்தத் தாளில் மீட்டர் என்றுதான் எழுதியிருந்தேன் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாரு கண்டுபிடிச்சது? நீயா?"

"அவதான் மேடம். மொத வருசமே."

"மொத வருசமேயா?" மேடம் பீமுக்கு மேலே பார்த்தார். "ஏன்டி, அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவள் குதிகாலை விளிம்பில் வைத்து, அடுத்த வரிசைக்குத் தயாராக நின்றாள்.

"சொன்னா மேடம்" என்றேன். "எங்கிட்ட சொன்னா."

சொல்லிவிட்டு, பீமின் மறு முனைக்குப் போய்க் கையை நீட்டி நின்றேன்.